நால்வரும் ஐந்தாம் குரலும்

1956ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான டென்னசியில், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமாகிய மெம்ஃபிஸில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு இளைஞர்கள் சந்தித்தனர். மூத்தவர் இருவருக்கும் வயது 24; இளையவர் இருவருக்கும் 21. எல்விஸ் பிரெஸ்லி, கார்ல் பெர்கின்ஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் என்னும் அந்நால்வரும் ராக் அண்ட் ரோல் என்ற புத்திசையின் வரலாற்றில் தனித்தனியே இடம்பெற்றவர்கள். அன்று பிற்பகல் அவர்கள் கூடியதற்கு முன்னேற்பாடு இல்லை. பாடியதற்கு நிகழ்ச்சி நிரலும் இல்லை. ஆயினும் அந்தக் கூடல் ஒரு காவியக் கதைபோல வளர்ந்து, 'மில்லியன் டாலர் குவார்டெட்', அதாவது 'பத்து லட்சம் டாலர் நால்வர்' என்னும் பெயரில் நிலைத்துவிட்டது.

கதைகள் வளர்வது இயற்கை. ஆனால் இந்தக் கதைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அந்தப் பிற்பகல் மூன்று சாட்சியங்களை விட்டுச் சென்றது: ஒரு செய்தித்தாள் கட்டுரை, ஒரு புகைப்படம், ஓர் ஒலிநாடா. மூன்றும் ஒரே அறையில், ஒரே நாளில் பிறந்தவை. எனினும் ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்வதில்லை. முதலிரண்டும் நான்கு பெயர்களை உலகறியச் செய்தன. மூன்றாவது, பெயர் சொல்லப்படாத ஐந்தாவது மனிதர் ஒருவரை நினைவில் வைத்திருந்தது.

கூடமும் அதன் உரிமையாளரும்

அந்தக் கூடத்தை 1950 ஜனவரியில் நிறுவியவர் சாம் பிலிப்ஸ். அலபாமா மாநிலத்தின் ஃபிளாரன்ஸ் பகுதியிலிருந்து வந்தவர். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் பள்ளி வேறு, பேருந்து இருக்கை வேறு, குடிநீர்க் குழாய் வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருந்த நகரத்தில், கறுப்பினக் கலைஞர்கள் வந்து பாடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று எண்ணியவர். ஹவ்லின் உல்ஃப், பி. பி. கிங் போன்றோர் தம் தொடக்க காலத்தில் அங்கே பாடினர். ராக் அண்ட் ரோலின் முன்னோடி இசைத்தட்டு எனப் பலரால் சொல்லப்படும் 'ராக்கெட் 88' 1951 மார்ச்சில் அங்கேதான் பதிவாயிற்று. 1952இல் பிலிப்ஸ் தமக்கெனச் 'சன்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்.

1954 ஜூலையில் அங்கு ஒரு திருப்பம் நேர்ந்தது. எல்விஸ் பிரெஸ்லி என்னும் பத்தொன்பது வயது வெள்ளை இளைஞர், ஆர்தர் கிரூடப் என்ற கறுப்பினப் பாடகர் முன்பே இசைத்தட்டில் பாடியிருந்த 'தட்ஸ் ஆல் ரைட்' என்ற பாடலைத் தம் போக்கில் பாடினார். அதன் வெற்றிக்குப் பின் சன் நிறுவனத்தின் கவனம் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள்பால் திரும்பியது. அந்நிறுவனத்துக்கு முதல் வெற்றிகளைத் தேடித் தந்த கறுப்பினக் கலைஞர்கள் ஒதுங்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான ரூஃபஸ் தாமஸ் இந்த மனக்குறையைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். பாட்டு அந்தச் சுவரைத் தாண்டியது. பாடியவர்கள் சுவருக்கு அப்பாலேயே நின்றனர்.

1955 நவம்பரில் எல்விஸின் ஒப்பந்தத்தைப் பிலிப்ஸ் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார். ஓராண்டுக்குள் எல்விஸ் நாடறிந்த நட்சத்திரமானார். ஆகவே 1956 டிசம்பரில் அவர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தது, தொழில் நிமித்தமாக அன்று. பழைய வீட்டை எட்டிப் பார்க்க வந்த பிள்ளையாகவே வந்தார்.

நால்வர் வந்த வழி

அன்று கூடம் கார்ல் பெர்கின்ஸுக்கு உரியதாயிருந்தது. பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழுத ஏழை வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அதே காட்டில் உழைத்த ஜான் வெஸ்ட்புரூக் என்ற கறுப்பின முதியவரிடம் சிறுவயதில் கிட்டார் கற்றவர். 1956 தொடக்கத்தில் வெளிவந்த 'புளூ ஸ்வேட் ஷூஸ்' அவரைப் புகழின் வாயிலில் நிறுத்தியது. தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க் செல்லும் வழியில், மார்ச் 22ஆம் நாள், டெலவேர் மாநிலத்தில் நேர்ந்த கார் விபத்தில் அவரும் அண்ணன் ஜேயும் படுகாயமுற்றனர். அவர் தேறிவந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில் அதே பாடலைத் தேசியத் தொலைக்காட்சியில் எல்விஸ் பாடினார். இருவரும் நண்பர்களே. எனினும் ஒருவர் ஏறிய படியில் மற்றவர் வழுக்கியதை இருவருமே அறிவர். டிசம்பர் 4ஆம் நாள் அவர்கள் சேர்ந்து பாடியபோது அந்த நினைவும் உடன் இருந்திருக்க வேண்டும்.

பெர்கின்ஸுடன் தமையன் ஜே, தம்பி கிளேட்டன், டிரம்ஸ் வாசிக்கும் டபிள்யூ. எஸ். ஹாலண்ட் ஆகியோர் இருந்தனர். அவர்கள் அன்று பதிந்த 'மேட்ச்பாக்ஸ்' என்ற பாடலின் வேர் பழையது. பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் என்ற பார்வையற்ற கறுப்பினப் பாடகர் அதன் முன்வடிவத்தை 1927இல் இசைத்தட்டில் பாடியிருந்தார். வாய்மொழியாய் உலவிய சில வரிகளைத் தந்தை நினைவூட்ட, பெர்கின்ஸ் அவற்றிலிருந்து புதுப்பாட்டு ஒன்றைக் கட்டினார். இசைத்தட்டில் இயற்றியவராக அச்சானது பெர்கின்ஸின் பெயர் மட்டுமே. பாட்டு வழிவழியாக வருவது. அச்சுக்கோ ஒரு பெயர் போதும் போலும்.

பியானோ வாசிக்க அழைக்கப்பட்டவர் ஜெர்ரி லீ லூயிஸ். லூயிசியானா மாநிலத்தின் ஃபெரிடே என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரில் கறுப்பினத்தவர் கூடும் இசைவிடுதிக்குள் சிறுவனாக ஒளிந்து புகுந்து கேட்டவற்றையும், தேவாலயத்தில் கேட்டவற்றையும் ஒரே விரல்களில் கலந்தவர். அவருடைய முதல் இசைத்தட்டு அப்போதுதான் வெளிவந்திருந்தது. வெளியுலகம் அவரை அறியாது. தம் திறத்தில் அவருக்கு ஐயமும் கிடையாது.

ஜானி கேஷ் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பருத்தி நிலத்திலிருந்து வந்தவர். 'ஐ வாக் தி லைன்' என்ற பாடலால் அவ்வாண்டு புகழ் பெற்றவர். நால்வரும் வறுமையை அறிந்தவர்கள். நால்வரும் தேவாலயப் பாட்டில் வளர்ந்தவர்கள். ஒத்திகையின்றிச் சேர்ந்து பாட அவர்களுக்கு வாய்த்த பொதுமொழி அதுவே.

முதற் சாட்சியம்: செய்தித்தாள்

எல்விஸ் வந்ததும் வேலை நின்றது. பேச்சு எழுந்தது. பேச்சு பாட்டாயிற்று. எல்விஸ் பியானோ முன் அமர்ந்தார். வணிகம் அறிந்த பிலிப்ஸ், மெம்ஃபிஸ் பிரஸ்-சிமிட்டார் நாளிதழுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அதன் பொழுதுபோக்குப் பகுதி ஆசிரியர் பாப் ஜான்சன், புகைப்படக்காரர் ஜார்ஜ் பியர்ஸுடன் வந்து சேர்ந்தார். மறுநாள் இதழில் அவர் எழுதிய கட்டுரையே 'மில்லியன் டாலர் குவார்டெட்' என்ற பெயரைத் தந்தது. பிலிப்ஸ் அதைப் படியெடுத்து வானொலி அறிவிப்பாளர்களுக்கு அனுப்பி விளம்பரமும் தேடிக்கொண்டார்.

அந்தக் கட்டுரையில் ஒரு சுவையான பிழை உண்டு. பிலிப்ஸ் விழிப்பாக இருந்திருந்தால் பதிவுக் கருவியை இயக்கியிருப்பார், இந்த நால்வர் பாட்டு பத்து லட்சம் தட்டுகள் விற்றிருக்கும் என்று ஜான்சன் வருந்தியிருந்தார். கருவியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதிவுப் பலகையில் இருந்த ஜாக் கிளமென்ட், இதைப் பதியாமல் விடுவது தவறாகும் என்று எண்ணி நாடாவைச் சுழலவிட்டிருந்தார். ஜான்சன் தம் காதால் கேட்டதாகக் குறிப்பிட்ட 'புளூபெரி ஹில்' என்ற பாடலோ கிடைத்துள்ள நாடாவில் இல்லை. செய்தியாளர் கேட்டதை நாடா தவறவிட்டது. நாடா கேட்டதைச் செய்தியாளர் அறியவில்லை.

'குவார்டெட்' என்ற சொல்லிலும் ஒரு நயம் மறைந்துள்ளது. அமெரிக்கத் தென்பகுதியில் அச்சொல், கிறித்தவ பக்திப் பாடல்களை நால்வராக இணைந்து பாடும் குழுக்களையே முதலில் நினைவூட்டும். இளமையில் அத்தகைய குழு ஒன்றில் சேர முயன்று இடம் கிடைக்காமல் திரும்பியவர் எல்விஸ். அவர் அன்று விரும்பிக் கேட்ட இடத்தை ஒரு நாளிதழ்த் தலைப்பு அவருக்குத் தந்துவிட்டது எனலாம்.

இரண்டாம் சாட்சியம்: புகைப்படம்

ஜார்ஜ் பியர்ஸ் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. எல்விஸ் பியானோ முன் அமர்ந்திருக்க, ஜெர்ரி லீயும், கிட்டாருடன் பெர்கின்ஸும், கேஷும் சூழ்ந்து நிற்கின்றனர். முழுப்படத்தில் மற்றொருவரும் உண்டு. அன்று எல்விஸுடன் வந்திருந்த இளம்பெண் பியானோவின் மேல் அமர்ந்திருக்கிறார். நெடுங்காலம் புழங்கிய படங்களில் அவர் வெட்டி நீக்கப்பட்டார். நால்வர் என்று தலைப்பிட்ட பின் ஐவரைக் காட்ட இயலாதல்லவா? தலைப்பு படத்தை நறுக்கிற்று.

படத்தில் கேஷ் இருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாடாவில் அவர் குரல் என்று துணிந்து சொல்லத்தக்கது எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. படமெடுத்த சிறிது நேரத்தில் அவர் போய்விட்டார் என்பது ஒரு சாரார் கருத்து. 1997இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் கேஷ் இதை மறுத்தார். முதலில் வந்தவரும் இறுதிவரை இருந்தவரும் தாமே என்றும், ஒலிவாங்கியிலிருந்து தள்ளி நின்றதாலும், எல்விஸின் சுருதிக்கு இசைய வழக்கத்தினும் உயர்ந்த குரலில் பாடியதாலும் தம் குரல் அடையாளம் தெரியவில்லை என்றும் எழுதினார். மனித நினைவுக்கும் பொறியின் நினைவுக்கும் இடையிலான இந்த வழக்கில் தீர்ப்புக் கூற இன்று சாட்சிகள் இல்லை.

மூன்றாம் சாட்சியம்: ஒலிநாடா

கால் நூற்றாண்டு அந்த நாடா பொதுமக்கள் காதுக்கு எட்டவில்லை. 1969இல் சன் நிறுவனம் ஷெல்பி சிங்கிள்டன் என்பவர் கைக்கு மாறியது. எல்விஸ் 1977 ஆகஸ்ட் 16இல் மறைந்தார். 1981இல் நாடாவின் ஒரு பகுதி ஐரோப்பாவில் இசைத்தட்டாக வந்தது. மேலும் கிடைத்தவை சேர்ந்து 1987இல் விரிவான பதிப்பு வெளிவந்தது.

கேட்டவர்கள் வியந்தனர். நால்வர் தத்தம் வெற்றிப் பாடல்களை முழங்கியிருப்பார்கள் என்பதே எதிர்பார்ப்பு. 2010இல் பிராட்வே மேடைக்கு வந்த இசை நாடகமும் அவ்வாறே காட்டுகிறது. நாடாவில் கேட்பதோ வேறு. ஒருவர் ஒரு வரியைத் தொடங்குகிறார், மற்றவர் சேர்ந்துகொள்கிறார், சொல் மறந்துபோகிறது, சிரிக்கிறார்கள், பாட்டு பாதியில் நின்று வேறொன்று தொடங்குகிறது. கதவு திறந்து மூடும் ஓசையும் கேட்கிறது. பெரும்பகுதி தேவாலயப் பாடல்கள். அவற்றைப் பாடும்போது தடுமாற்றம் குறைகிறது. குரல்கள் தாமாகவே தத்தம் இடத்தில் போய் அமர்கின்றன. பில் மன்ரோவின் கிராமியப் பாடல்களும் வருகின்றன.

அவர்கள் மீண்டும் மீண்டும் திரும்பிய பாடல் ஒன்று உண்டு. அது சக் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞர் அவ்வாண்டு வெளியிட்ட 'பிரவுன் ஐட் ஹாண்ட்சம் மேன்'. பழுப்பு விழியழகன் என்று தலைப்பிட்டுப் பழுப்புத் தோல் மனிதனின் பெருமிதத்தை நகைச்சுவையில் மறைத்துச் சொன்ன பாட்டு என்று அறிஞர் பொருள் கொள்வர். அன்று அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் தனி இருக்கை முறையை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணித்து நடந்துகொண்டிருந்தனர். 1955 டிசம்பர் 5இல் தொடங்கிய அப்போராட்டம் ஓராண்டு நிறைவதற்கு முந்தைய நாள் அது. வெள்ளையர் மட்டுமே இருந்த அறையில், வெள்ளை இளைஞர்கள் அந்தப் பாட்டின் சொற்களை ஒருவர்க்கொருவர் எடுத்துக்கொடுத்து நினைவுகூர்ந்தனர். அவர்கள் அரசியல் பேசவில்லை. நல்ல பாட்டு என்று மகிழ்ந்தனர், அவ்வளவே. அந்த மகிழ்ச்சி பொய்யன்று. அது போதுமானதும் அன்று.

ஐந்தாம் குரல்

நாடாவின் நெஞ்சம் போன்ற பகுதி ஒன்று 1987ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வெளிப்பட்டது. எல்விஸ் ஒரு கதை சொல்கிறார். சற்று முன்பு லாஸ் வேகாஸ் சென்றிருந்தாராம். அங்கே பில்லி வார்டின் டாமினோஸ் குழுவில் பாடிய ஒருவர், எல்விஸின் சொந்த வெற்றிப் பாடலான 'டோன்ட் பி குரூவல்' பாடலை எடுத்துப் பாடினாராம். தம் இசைத்தட்டைவிட அவர் பாடியது எவ்வளவோ மேல் என்கிறார் எல்விஸ். அதைக் கேட்க நான்கு இரவுகள் தொடர்ந்து சென்றாராம். அந்தப் பாடகர் வேகத்தைக் குறைத்துப் பாடிய விதம், வடபுலத்து நாவால் ஒரு சொல்லை உச்சரித்த விதம், இறுதி அடியை எழுப்பிய விதம் ஆகியவற்றை அப்படியே பாடிக் காட்டுகிறார். கேட்டவர்கள் சிரிக்கின்றனர், அவரோ வியப்பு மாறாமல் பேசிக்கொண்டே போகிறார்.

உலகமே தம்மைப் போலப் பாட முயன்ற ஆண்டில், ஒரு கலைஞன் தன்னைவிடச் சிறந்த ஒருவனைத் தன் பாட்டிலேயே கண்டு, அதைத் தோழர்முன் ஒளிக்காமல் சொல்கிறான். கலைஞர் வரலாற்றில் இது எளிதாகக் காணக்கூடிய காட்சியன்று. எல்விஸின் பெருமைக்கு அவர் விற்ற தட்டுகளைவிட இதுவே நல்ல சான்று.

ஆயினும் அந்தப் பாராட்டில் ஓர் இடைவெளி இருக்கிறது. பாடகரின் பெயரை எல்விஸ் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. குழுவின் பெயரும் பாடியவரின் நிறமும் மட்டுமே சொல்லப்படுகின்றன. அந்தப் பாடகர் ஜாக்கி வில்சன். டெட்ராய்ட் நகரில் 1934இல் பிறந்தவர். 1957இல் குழுவை விட்டுத் தனிப்பாடகராகித் தம் பெயரைத் தாமே நிலைநாட்டியவர்.

அந்தப் பாடலின் பிறப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதை இயற்றியவர் நியூயார்க் புரூக்ளினைச் சேர்ந்த ஓட்டிஸ் பிளாக்வெல் என்ற கறுப்பினக் கவிஞர். இசைத்தட்டில் இயற்றியோர் என அவர் பெயருடன் எல்விஸின் பெயரும் இணைந்து அச்சாயிற்று. வருவாயில் பங்கு தருவது அக்காலப் பேரத்தின் விதி. ஆக, பிளாக்வெல் ஆக்கிய பாட்டு எல்விஸிடம் வந்தது. எல்விஸிடமிருந்து வில்சனிடம் சென்று மெருகேறியது. மெருகேறிய வடிவம் மீண்டும் எல்விஸின் குரலில் மெம்ஃபிஸ் அறையில் ஒலித்தது. 33 நாள் கழித்து, 1957 ஜனவரி 6இல், எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எல்விஸ் அதே பாடலைப் பாடியபோது வில்சனின் உச்சரிப்பும் முடிப்பும் அதில் இருந்தன. நாடு முழுவதும் கண்டது. யாருடைய நடை அது என்று நாட்டுக்குத் தெரியாது. டிசம்பர் 4இல் பியானோவைச் சுற்றி நின்று பாடிய பக்திப் பாடல்களுள் ஒன்றான 'பீஸ் இன் தி வேலி'யையும் அதே மேடையில் அவர் பாடினார் என்பது குறிப்பிடத்தக்கது.

பெயர் பொறித்த கல்

ஜாக்கி வில்சன் 1975இல் நியூஜெர்சி மாநிலத்தில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். அதன்பின் அவர் நலம் பெறவே இல்லை. 1984 ஜனவரி 21இல் மறைந்தார். மிச்சிகன் மாநிலத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூட முதலில் இல்லை. அன்பர்கள் பொருள் திரட்டிக் கல் நாட்டியது 1987ஆம் ஆண்டில். லாஸ் வேகாஸில் அவர் பாடியதை எல்விஸ் வியந்து பேசும் ஒலிநாடா உலகுக்குக் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. எனினும் ஓராண்டிலேயே ஒருவருக்குப் பெயரும் புகழுரையும் ஒருங்கே வந்து சேர்ந்தன. பெற்றுக்கொள்ளத்தான் அவர் இல்லை.

நால்வரும் இன்று இல்லை. பெர்கின்ஸ் 1998இலும், கேஷ் 2003இலும் மறைந்தனர். சாம் பிலிப்ஸும் 2003இலேயே காலமானார். நாடாவைச் சுழலவிட்ட ஜாக் கிளமென்ட் 2013இல் மறைந்தார். அன்று யாரும் அறியாத இளைஞராயிருந்த ஜெர்ரி லீ லூயிஸே கடைசியாக எஞ்சி, 2022 அக்டோபர் 28இல் விடைபெற்றார். எல்விஸ் எழுந்து சென்றபின் அந்தப் பியானோவில் அமர்ந்து வாசித்துக்கொண்டே இருந்தவரும் அவர்தாம் என்பதை நாடா காட்டுகிறது.

தலைப்பு நான்கு பெயர்களைக் காத்தது. படம் நான்கு முகங்களைக் காத்தது. நாடா மட்டும் அவர்கள் யாரைக் கேட்டு வளர்ந்தார்கள் என்பதைக் காத்தது: தேவாலயத்துப் பெயரறியா முன்னோர், பில் மன்ரோ, சக் பெர்ரி, லாஸ் வேகாஸ் மேடையில் நின்ற ஒரு மெல்லிய உடல் இளைஞர். கூடிப் பாடும் அவை எதுவாயினும் அங்கே பாடுவோர் எண்ணிக்கையில் அடங்காத குரல்கள் சில வந்து சேர்கின்றன. அவற்றை வியப்பது கலைஞனுக்கு இயல்பாகவே வரும், எல்விஸுக்கும் வந்தது. வியந்தவரின் பெயரைக் கேட்டறிந்து, அவையில் எடுத்துச் சொல்வது அதற்கு அடுத்த கடமை. அந்த ஒரு சொல் அன்று அந்த அறையில் ஒலித்திருந்தால், ஜாக்கி வில்சன் என்ற பெயர் அந்தப் பாராட்டோடு சேர்ந்தே நாடாவில் நின்றிருக்கும்.